திருச்சியிலிருந்து ஒரு நாள்: புதுக்கோட்டையா, காரைக்குடியா, கும்பகோணமா?

சுவாமிமலைக் கோயில் அடிவாரத்தில் ஒருமுறை மூன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டரை மணிக்கு. நடை சாத்தியாயிற்று, இனி நாலு மணிக்குத்தான் என்றார் பூக்கடை அம்மா. சித்திரை வெயில். அம்மாவுக்கு முட்டிவலி, சின்னவளுக்குத் தூக்கம், காருக்குள்ளே அடுப்பு. நாலு மணிக்கு நடை திறந்தபோது சாமி கும்பிடும் மனநிலை யாருக்கும் இல்லை. ஐந்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வீட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டோம்.

அதிலிருந்து, திருச்சியிலிருந்து ஒரு நாளில் போய்வர எந்த ஊர் நல்லது என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை என்ன செய்யப்போறீங்க?” இதற்குப் பதில் இருந்தால் எந்த ஊரும் நல்ல ஊர்தான். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய கோபுரமும் மூடிய கதவுதான்.

பெங்களூரிலிருந்து தம்பி குடும்பத்தோடு வருகிறான். கையில் ஒரே ஒரு நாள். “மூணு ஊர் சொல்லு, நல்லது கெட்டது ரெண்டையும் சொல்லு, நாங்க முடிவு பண்ணிக்கிறோம்” என்றான். அவனுக்கு எழுத ஆரம்பித்தது நீண்டுவிட்டது. வருகிறவர்கள்: தம்பி, அவன் மனைவி, பத்து வயதுப் பையன். இங்கிருந்து நானும் என் வீட்டுக்காரரும், இரண்டு பிள்ளைகளும், எழுபது தாண்டிய அம்மாவும். படி ஏற முடியாதவர் ஒருவர், பசி தாங்காதவர்கள் மூவர். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் கழித்துவிட வேண்டியவை. கல்லணையும் முக்கொம்பும் இருபது கிலோமீட்டருக்குள் இருப்பவை. சாயங்காலம் போய்விட்டு வரலாம், முழு நாளுக்குப் போதாது. கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் ஆயிரத்துக்கு மேல், இறங்கியவர் ஏறியும் ஆக வேண்டும். அம்மாவைக் காரிலேயே விட்டுவிட்டு அருவி பார்க்கப் போகிற பிள்ளைகள் நாங்கள் இல்லை. தரங்கம்பாடி எனக்கு மிகப் பிடித்த ஊர். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. 1706இல் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும் அங்கேதான். ஆனால் போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. அங்கே ஒரு ராத்திரி தங்க வேண்டும், ஒரே நாளில் ஓடினால் காரின் ஜன்னலைத்தான் பார்ப்போம்.

தஞ்சாவூர்? பெரிய கோயில், அரண்மனை, சரஸ்வதி மகால், கலைக்கூடம் என்று அது தனி நாள் கேட்கிற ஊர். கும்பகோணம் போகிற வழியில்தானே இருக்கிறது, ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். அந்த ஒரு எட்டில்தான் காலைப் பொழுது முழுக்கப் போகும், பன்னிரண்டு மணிக்குக் கும்பகோணத்தில் நிற்பீர்கள். அதன் பிறகு என்ன நடக்கும் என்று முதல் பத்தியில் சொல்லிவிட்டேன்.

மிச்சம் மூன்று. புதுக்கோட்டைப் பக்கம், காரைக்குடிப் பக்கம், கும்பகோணம். மூன்றுக்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. புதுக்கோட்டை ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஆனால் நாலு இடம் சுற்றித் திருமயம் வரை போய்த் திரும்பினால் மொத்தம் நூற்றெழுபது, நூற்றெண்பது ஆகும். காரைக்குடி தொண்ணூறு, சுற்றுவதையும் சேர்த்தால் இருநூற்றுப் பத்து. கும்பகோணம் தொண்ணூற்றைந்து, மொத்தம் அதே இருநூற்றுப் பத்து. ஆகவே பெட்ரோல் கணக்குப் பார்த்து முடிவெடுக்க முடியாது.

புதுக்கோட்டை: வழியெல்லாம் ஊர்

இதை நான் முதலில் வைப்பதற்குக் காரணம், இங்கே பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு மேல் பூசை நடக்காத இடங்கள். தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பவை. உச்சிக்காலம் முடிந்து நடை சாத்துகிற பேச்சே கிடையாது. ஆனால் ஒரு சிக்கல் உண்டு: எல்லாமே பாறை. புதுக்கோட்டைப் பாறை பதினோரு மணிக்கு மேல் தோசைக்கல். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால் எந்த இடத்துக்கு எந்த நேரத்தில் போகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தப்பான வரிசையில் போய் “வெறும் பாறைங்க, வெயில்தான்” என்று திரும்பியவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

சரியான வரிசை நார்த்தாமலையில் தொடங்கும். திருச்சியிலிருந்து கீரனூர் தாண்டி, பிரதான சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. நம் பக்கத்து ஆட்களுக்கு நார்த்தாமலை என்றால் முத்துமாரியம்மன். பங்குனித் திருவிழாவில் பால்குடமும் காவடியுமாகச் சாலையே நிரம்பிவிடும், அந்த நாட்களில் சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். நான் சொல்வது அம்மன் கோயிலைத் தாண்டி மேலமலைச் சரிவில் இருக்கிற விசயாலய சோழீச்சரம். காலை ஆறே முக்கால், ஏழுக்கு அங்கே இருக்க வேண்டும். செங்குத்தான ஏற்றம் இல்லை, சரிந்த பாறையில் மெதுவாக நடை. மேலே போனால் மேற்குப் பார்த்த ஒரு சின்னக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில், சுற்றிலும் குட்டிக் குட்டிச் சன்னதிகள், எதிரே மலையைக் குடைந்த இரண்டு குகைகள். அவ்வளவுதான். ஆள் அரவம் இருக்காது.

இந்தக் கோயிலின் விசேஷம் உள்ளே இருக்கிறது. வெளிச்சுவர் சதுரம், கருவறை வட்டம். காவலாளி இருந்து கதவைத் திறந்தால் பார்த்துவிடுங்கள். பெயரில் சோழ மன்னன் விசயாலயன் இருந்தாலும் கல்வெட்டு வேறு ஆளைச் சொல்கிறது: சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவன் எடுப்பித்த கற்றளி மழையில் இடிந்துபோக, மல்லன் விதுமன் என்பவன் அதைப் புதுப்பித்தானாம். ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாலும் மழைக்கு இடிந்திருக்கிறது, யாரோ எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். எதிரே பெரிய குகையின் முன்மண்டபச் சுவரில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு விஷ்ணு உருவங்கள் வரிசையாக நிற்கும். சமணர் குடகு என்று அதற்குப் பெயர், உள்ளே இருப்பதோ பெருமாள். பிள்ளைகளை எண்ணச் சொன்னால் கால் மணி நேரம் சத்தம் இருக்காது.

அம்மா போன்றவர்கள் இங்கே மேலே வர முடியுமா? மெதுவாக, கை பிடித்தால் வரலாம். வர முடியாவிட்டால் அம்மன் கோயிலில் உட்காரலாம், காலையில் நடை திறந்திருக்கும். என் அம்மா இரண்டாவதைத்தான் விரும்பினார். நாங்கள் இறங்கி வருவதற்குள் அங்கே நாலு பேரைச் சொந்தக்காரர்களாக்கியிருந்தார்.

அடுத்தது சித்தன்னவாசல், முக்கால் மணிப் பயணம். ஒன்பதுக்கு மேல்தான் நுழைவுச்சீட்டு, அதற்குச் சரியாக இருக்கும். ஊரில் இரண்டு இடங்கள், இரண்டும் வேறு வேறு என்று தெரியாமல் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வருபவர்கள் நிறைய. ஒன்று ஏழடிப்பட்டம்: மலைக்கு மேலே ஏறி மறுபக்கம் கொஞ்சம் இறங்கினால், இயற்கையான குகைத்தளத்தில் சமண முனிவர்கள் படுத்த பதினேழு கல்படுக்கைகள். ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து. வழவழவென்று தேய்ந்த கல் தலையணைகூட உண்டு. இதற்கு ஏற்றம் அதிகம், கம்பியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், வயதானவர்களுக்கு வேண்டாம். இன்னொன்று அறிவர் கோயில், கீழே பாறையைக் குடைந்த குடைவரை, எல்லோரும் போகலாம். ஓவியம் இருப்பது இங்கேதான்.

ஓவியத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பள்ளிப் புத்தகத்தில் பார்த்த பளிச்சென்ற நிறத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மங்கிவிட்டது, பல இடங்களில் உதிர்ந்தும்விட்டது. உள்ளே போய் இரண்டு நிமிடம் கண்ணைப் பழக்கிக்கொண்டு மேல்கூரையைப் பார்த்தால் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும்: தாமரைக் குளம், மீன், யானை, பறவைகள், பூப்பறிக்கிற ஆட்கள். தூணில் நாட்டியமாடும் பெண் ஒருத்தியின் கை வளைவு மட்டும் அப்படியே நிற்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைத் திருத்தியதாகக் கல்வெட்டு உண்டு. கருவறைக்குள் நின்று வாயை மூடி “ம்ம்” என்று முனகினால் அறை முழுக்க அந்த ஒலி சுற்றும். எந்த மூலையிலிருந்து வருகிறது என்றே தெரியாது. பையன்களை வெளியே கூட்டிவருவதுதான் கஷ்டம்.

பதினொன்றரைக்குப் புதுக்கோட்டை டவுனுக்கு வந்துவிடுங்கள். சாப்பாடு. அசைவம் சாப்பிடுபவர்கள் முட்டை மாஸ் கேட்டுப் பாருங்கள், இந்த ஊர்க்காரர்கள் அதைத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் வெயில் உச்சியில் இருக்கும்போது திருக்கோகர்ணத்தில் இருக்கிற அரசு அருங்காட்சியகம். 1910இல் சமஸ்தானக் காலத்தில் தொடங்கியது. சென்னை எழும்பூருக்கு அடுத்தபடி தமிழ்நாட்டின் பெரிய அரசு அருங்காட்சியகம் இதுதான். செப்புத் திருமேனிகள், ஆயுதங்கள், நாணயங்கள், பாடம் செய்த விலங்குகள். சமஸ்தானத்தை ஆண்ட தொண்டைமான்கள் தனியாக வெளியிட்ட அம்மன் காசைப் பாருங்கள், சின்னஞ்சிறு செப்புக் காசு. நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து மக்களுக்கு இதைக் கொடுப்பார்களாம். 1948இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த பிறகு அது அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. நிழல், மின்விசிறி, உட்கார இடம், கழிப்பறை: ஒரு நாள் பயணத்தின் மத்தியானத்துக்கு வேறென்ன வேண்டும்? வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை போனால் இந்தத் திட்டத்தின் நடுப்பகுதியே கழன்றுவிடும்.

மூன்றேகாலுக்குக் கிளம்பினால் திருமயம் இருபது கிலோமீட்டர். முதலில் நெடுஞ்சாலை ஓரத்தில் கோட்டை பைரவர், லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் நிறுத்தித் தேங்காய் உடைக்காமல் போவதில்லை. நாலு மணிக்குச் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயில் திறக்கும்போது வெயிலும் இறங்கியிருக்கும். ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில் பெருமாளுக்கு ஒரு குடைவரை, சிவனுக்கு ஒரு குடைவரை. குடைவரைக்குள் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்க்க ஒரு நிமிடம் போதாது, பாம்பணைக்குப் பின்னால் சுவர் முழுக்கத் தேவர்கள், முனிவர்கள். இரண்டு கோயில்காரர்களுக்கும் இடையே நீண்ட நாள் தகராறு இருந்து, 13ஆம் நூற்றாண்டில் ஹொய்சளப் படைத்தலைவர் அப்பண்ணா வந்து தீர்த்துவைத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. பங்காளிச் சண்டைக்கு வெளியூர்ப் பெரியவரைக் கூப்பிடுகிற வழக்கம் அன்றைக்கும் இருந்திருக்கிறது.

அதன் பிறகு கோட்டை. 1687இல் ராமநாதபுரம் கிழவன் சேதுபதி கட்டியது, ஊரில் ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். உச்சியில் ஒரு பீரங்கி. ஐந்து மணிக்கு அங்கே காற்று அடிக்கும் பாருங்கள், காலையிலிருந்து பட்ட வெயில் எல்லாம் மறந்துபோகும். ஐந்தரை வாக்கில் இறங்கச் சொல்லிவிடுவார்கள் என்பதால் பெருமாளிடம் அதிக நேரம் எடுத்தால் கோட்டை போய்விடும். அம்மா கோயிலில், பிள்ளைகள் கோட்டையில் என்று பிரிந்துகொண்டோம். திருச்சிக்குத் திரும்ப ஒன்றரை, ஒன்றே முக்கால் மணி.

குறை? பேருந்தில் போகிறவர்களுக்கு இந்தச் சுற்று கஷ்டம். புதுக்கோட்டைக்கும் திருமயத்துக்கும் பேருந்துக்குப் பஞ்சமில்லை. நார்த்தாமலைக்கும் சித்தன்னவாசலுக்கும்தான் டவுன் பஸ் எப்போதாவது வரும், இறங்கின இடத்திலிருந்து வெயிலில் நடக்கவும் வேண்டும். கார் இல்லாதவர்கள் நார்த்தாமலையை விட்டுவிட்டு, புதுக்கோட்டையில் ஆட்டோ பேசிச் சித்தன்னவாசல் போய் வரலாம். இரண்டாவது குறை, தின்பண்டம், துணிமணி என்று வாங்கிவர இங்கே பெரிதாக ஒன்றும் கிடையாது. என் தம்பி மனைவிக்கு இது ஒரு விஷயம்.

காரைக்குடி: வீடும் சாப்பாடும்

செட்டிநாட்டுப் பக்கத்தின் பலம், மத்தியானப் பிரச்சினையே இங்கே கிடையாது. பார்க்கப் போவது வீடுகளை. வீட்டுக்கு நடை சாத்துவதில்லை. அதோடு மத்தியானச் சாப்பாடே ஒரு நிகழ்ச்சி. இலை போட்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டிவிடலாம்.

கானாடுகாத்தானில் தொடங்குங்கள், காரைக்குடிக்குப் பதினைந்து கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் கொல்லைக் கதவு என்று நீளுகிற வீடுகள். முன்வாசலில் நின்று பார்த்தால் வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிக் கடைசிக் கதவின் வெளிச்சம் ஒரு புள்ளியாகத் தெரியும். பர்மாத் தேக்குத் தூண்கள், இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர். கையை வைத்தால் மத்தியானத்திலும் சில்லென்று இருக்கும். பர்மா, மலேயா, இலங்கை என்று செட்டியார்கள் வட்டித் தொழில் செய்து சம்பாதித்தது இங்கே வீடாக நிற்கிறது. 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் அந்தப் பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான். இன்றைக்கு ஒரு வீட்டுக்கு நாற்பது ஐம்பது பங்காளிகள் இருப்பார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் மட்டும் திறப்பார்கள், மற்ற நாள் பூட்டு.

அந்தப் பூட்டுதான் இந்தப் பயணத்தின் குறையும். எல்லா வீட்டுக்குள்ளும் போக முடியாது. கானாடுகாத்தான் அரண்மனையைப் பெரும்பாலும் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற வீடுகள் சில உண்டு, ஆத்தங்குடியின் பெரிய வீடு அதில் முக்கியமானது. ஒரு நல்ல வீட்டுக்குள் முழுசாகப் போய்விட்டால் போதும். மூன்றாவது வீட்டில் பிள்ளைகள் “இதேதானே அங்கேயும் பாத்தோம்” என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

அவர்களுக்குப் பிடிக்கப்போவது ஆத்தங்குடியில் கல் செய்கிற இடம். கண்ணாடிப் பலகையின் மேல் தகர அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சைத் தூக்கி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள். சூளை கிடையாது, சுடுவதும் கிடையாது. கண்ணாடியிலிருந்து எடுக்கும்போது பளபளப்பு தானாக வந்திருக்கும். கை போகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஞாயிறு, பண்டிகை நாட்களில் வேலை நடக்காமல் இருக்கலாம், முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் ஒரு விஷயம். பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருக்கிற இடங்களில் இலைச் சாப்பாடு நன்றாக இருக்கும். ஆனால் முன்பதிவு வேண்டும், எட்டுப் பேர் திடீரென்று போய் நின்றால் கிடைக்காது. ஒருமுறை அப்படிப் போய், “இன்னிக்கு குரூப் இருக்கு” என்று திருப்பி அனுப்பப்பட்டு, மூன்று மணிக்கு டவுனில் ஒரு கடையில் ஆறிப்போன பரோட்டா தின்றிருக்கிறோம். விலையும் மற்ற இரண்டு ஊர்களை விடக் கூடுதல்தான். சாப்பாட்டுக்கே இந்தப் பயணத்தில் பாதிச் செலவு போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மணிக்கு மேல் காரைக்குடி டவுன். முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகள்: எனாமல் பாத்திரம், பீங்கான் ஜாடி, நிலைக்கதவு, தஞ்சாவூர்ப் படம். வாங்காவிட்டாலும் பார்க்கலாம். அப்புறம் கண்டாங்கிச் சேலை, கடைசியில் பலகாரக் கடை: சீப்புச் சீடை, மனகோலம், தேன்குழல். பிள்ளையார்பட்டியைச் சேர்க்க வேண்டுமென்றால் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வையுங்கள். குடைவரைச் சுவரோடு சேர்ந்த பிள்ளையார், இரண்டே கை, தும்பிக்கை வலம்புரி. தரை மட்டத்தில் நடை என்பதால் அம்மாவுக்குத் தொந்தரவு இல்லை. கூட்டம்தான், சதுர்த்தி அன்று போகவே வேண்டாம்.

ரயிலில் போகிறவர்களுக்கும் வசதியான ஊர். திருச்சி – காரைக்குடி வண்டிகள் புதுக்கோட்டை வழியாகப் போகின்றன, காரைக்குடியில் இறங்கி அன்றைய நாள் முழுக்க ஒரு ஆட்டோ பேசிக்கொண்டால் முடிந்தது.

கும்பகோணம்: எல்லாம் இருக்கிறது, அதுதான் பிரச்சினை

மூன்றில் பார்க்க அதிகம் இருப்பது இங்கேதான். ஒரு நாளில் குறைவாகப் பார்த்துவிட்டுத் திரும்புவதும் இங்கேதான். பட்டியலை எடுத்தால் கும்பேஸ்வரர், சாரங்கபாணி, ராமசுவாமி, நாகேஸ்வரன், மகாமகக் குளம், ஒப்பிலியப்பன், திருபுவனம், பட்டீஸ்வரம், நவக்கிரகத் தலங்கள் என்று நீண்டுகொண்டே போகும். கோயில் கோயிலாகக் கும்பிடத்தான் போகிறோம் என்றால் அது வேறு பயணம், அதற்கு இரண்டு நாள் தங்க வேண்டும். நான் சொல்வது சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு: தாராசுரம், சுவாமிமலை, டிகிரி காபி. இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாராசுரம் ஒன்றுக்காகவே கும்பகோணம் போகலாம். இரண்டாம் ராசராசன் 12ஆம் நூற்றாண்டில் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரிய கோயிலில் அண்ணாந்து பார்க்க வேண்டும், இங்கே குனிந்து பார்க்க வேண்டும். தேர் போல் சக்கரமும் குதிரையும் பூட்டிய மண்டபம், ஒரே தலையில் யானையும் காளையும் தெரிகிற சிற்பம். கருவறைச் சுவரின் அடியில் அறுபத்துமூவர் கதை விரலளவுச் சிற்பங்களாக ஓடுகிறது. பெரிய புராணம் தெரிந்த அம்மாவை அழைத்துப் போனால் வழிகாட்டி வேண்டாம். முதலையின் வாயிலிருந்து சுந்தரர் பிள்ளையை மீட்கிற இடத்தில் அம்மா நின்று கதை சொல்ல ஆரம்பித்தார், பின்னால் வந்த மூன்று குடும்பங்களும் கேட்டுக்கொண்டு நின்றன. படி ஏறுவதும் அதிகம் இல்லை. காலை எட்டரைக்கு அங்கே இருந்தால் பதினொன்று வரை தாராளம். மழைக்காலத்தில் பிராகாரத்தில் தண்ணீர் தேங்கும், அப்போது நடப்பது கஷ்டம், படம் எடுப்பவர்களுக்கு மட்டும் கொண்டாட்டம்.

மத்தியானம் என்ன செய்வது? அந்த மூன்றரை மணி நேரக் காத்திருப்புக்குப் பிறகு கண்டுபிடித்த பதில்: சுவாமிமலையில் சிலை வார்க்கிற பட்டறைகள். கோயில் சாத்தியிருக்கும்போது இவை திறந்திருக்கும். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் ஒரு அச்சில் ஒரே சிலை. வார்ப்பு தினமும் நடக்காது, ஆனால் மெழுகு வேலையும் உளி வேலையும் எப்போதும் நடந்துகொண்டிருக்கும். கேட்டால் நின்று பார்க்க விடுவார்கள். வாங்குகிற மாதிரி நடிக்க வேண்டியதில்லை, பார்க்க வந்தோம் என்று சொல்லிவிடுவதே மரியாதை. முருகனைப் பார்க்க அறுபது படி, அறுபது தமிழ் வருஷங்களுக்கு ஒவ்வொன்று. அம்மா அதில் பிரபவ, விபவ என்று எண்ணிக்கொண்டே பதினைந்தாவது வருஷத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்புமுன் டிகிரி காபி. நெடுஞ்சாலை முழுக்க இருக்கிற “கும்பகோணம் டிகிரி காபி” பலகைகளை வைத்து இந்த ஊர்க் காபியை எடை போடாதீர்கள். பழைய கடையில் பித்தளை டபரா செட்டில் குடித்துப் பாருங்கள். காலை டிபனுக்குப் போனால் இட்லிக்குத் தொட்டுக்கொள்ளக் கடப்பா என்கிற பாசிப்பருப்பு, உருளைக்கிழங்குக் குழம்பு கேளுங்கள், எல்லா நாளும் கிடைக்காது.

ரயிலுக்கு மூன்றில் இதுதான் முதலிடம். திருச்சி – தஞ்சாவூர் – கும்பகோணம் பாதையில் வண்டிகள் நிறைய, இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாசஞ்சர் என்றால் சுவாமிமலை, தாராசுரம் நிலையங்களிலேயே இறங்கலாம். ஆடியிலிருந்து புரட்டாசி வரை காவிரியில் தண்ணீர் வந்து வயல் பச்சையாக இருக்கும்போது அந்த ஜன்னல் ஓரமே பாதிப் பயணம். அதே வயல் பங்குனியில் வெடித்துக் கிடக்கும்.

எதற்கு எது?

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா, அவர்கள் ஓடி ஏற வேண்டுமா? புதுக்கோட்டை. மற்ற இரண்டு ஊரிலும் “தொடாதே, ஓடாதே, சத்தம் போடாதே” என்று சொல்லிக்கொண்டே இருப்போம். பாறையில் அது வேண்டியதில்லை. வயதானவர்கள் மட்டும் போகிறார்கள் என்றால் தாராசுரம், ரயிலில். வெளிநாட்டிலிருந்தோ வடக்கேயிருந்தோ வந்தவர்களைக் கூட்டிப்போவதென்றால் காரைக்குடி. அவர்களுக்குக் கோயில் ஏற்கெனவே போதும் போதும் என்றிருக்கும்.

மாதத்தைப் பார்த்தால்: மார்கழி, தை, மாசியில் மூன்றும் சரி. சித்திரை, வைகாசியில் காரைக்குடி மட்டும், அதுவும் வீட்டுக்குள்ளேயே இருந்தால். ஐப்பசி, கார்த்திகை மழையில் நார்த்தாமலைப் பாறை வழுக்கும், போகாதீர்கள்.

செலவில் புதுக்கோட்டைதான் மலிவு, காரைக்குடிதான் கூடுதல். நுழைவுக் கட்டணங்கள் எங்கேயும் பையைக் கடிப்பவை அல்ல. வண்டி வாடகையும் சாப்பாடும் கடையும்தான் கணக்கு. எட்டுப் பேர் என்றால் இரண்டு கார் எடுப்பதற்குப் பதிலாக ஒரு வேன் எடுத்துவிடுங்கள். மலிவு என்பதற்காகச் சொல்லவில்லை. இரண்டு காரில் போனால் ஒரு கார் எப்போதும் டீக்கடையில் நிற்கும், இன்னொரு கார் அதைத் தேடும்.

என்னைக் கேட்டால் புதுக்கோட்டைதான். திருச்சியிலேயே பிறந்து வளர்ந்தும் பாதிப் பேர் அந்தச் சாலையில் காரைக்குடிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போகிற அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறோமே தவிர, இறங்கிப் பார்த்ததில்லை. நானும் முப்பத்தைந்து வயது வரை அப்படித்தான். காலையில் குளிர்ந்த பாறை, பத்து மணிக்கு ஓவியம், மத்தியானம் அருங்காட்சியகம், சாயங்காலம் கோட்டை. ஒரு மணி நேரம்கூட வீணாகாத நாள் அது.

இவ்வளவும் எழுதித் தம்பிக்கு அனுப்பினேன். படித்துவிட்டு அவனும் புதுக்கோட்டை என்றான். பையன் பீரங்கியைக் கேட்டிருக்கிறான். அப்புறம்தான் டிக்கெட்டைப் பார்த்தேன். வியாழக்கிழமை ராத்திரி வந்து சனிக்கிழமை காலையில் கிளம்புகிறார்கள். கையில் இருக்கிற அந்த ஒரு நாள் வெள்ளிக்கிழமை.

காரைக்குடிதான். எட்டு இலைக்கு இன்றைக்கே போன் செய்து சொல்ல வேண்டும். திருமயம் போகிற வழியில்தான் இருக்கிறது, திரும்பும்போது பிள்ளையார்பட்டியை விட்டுவிட்டு நாலரைக்கு அங்கே நின்றால் பையனுக்குப் பீரங்கி கிடைத்துவிடும்.